வாசகர் கேள்விகள்: குவேசாரை அகச்சிவப்பில் பார்ப்பது எப்படி?

அண்மை அகச்சிவப்பு என்று நாம் சொல்வது ஏறக்குறைய 0.8 முதல் 2.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரையிலான அலைநீளங்கள். நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு முடிந்த இடத்திலிருந்து, தொலைநோக்கியின் சொந்தச் சூடே ஒளியாகக் கண்ணை மறைக்கத் தொடங்கும் இடம் வரை. குவேசார் என்பது தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில், பெரும் கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கும்போது எழும் பேரொளி. குவேசார்களை இந்த ஒளியில் ஆராய்வது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

குவேசார்கள் நீலமாகத்தான் ஒளிர்கின்றன என்று படித்திருக்கிறேன். பிறகு ஏன் அவற்றை அகச்சிவப்பில் பார்க்க இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

நீலமும் புற ஊதாவும் குவேசாரை விட்டுக் கிளம்பும்போது உள்ள நிறம். நம்மிடம் வந்து சேரும்போது, பிரபஞ்சம் விரிந்ததால், ஒவ்வொரு அலைநீளமும் ‘1 + செம்பெயர்ச்சி’ மடங்கு நீண்டிருக்கும். இந்தத் துறையில் முதலில் கைவர வேண்டிய கணக்கு இந்த ஒரு பெருக்கல்தான்.

செம்பெயர்ச்சி 2.4 உள்ள ஒரு குவேசாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்க வேண்டிய எண் 3.4. கிளம்பும்போது 4861 ஆங்ஸ்ட்ராமில் (மைக்ரானில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) பச்சை கலந்த நீலமாக இருந்த ஹைட்ரஜனின் ஹெச் பீட்டா கோடு, அதாவது ஹைட்ரஜன் தனக்கே உரிய அலைநீளத்தில் விடும் ஒளி, 1.65 மைக்ரானில் வந்து விழுகிறது. 5007 ஆங்ஸ்ட்ராமில் இருந்த ஆக்சிஜன் கோடு 1.70 மைக்ரானில். 6563 ஆங்ஸ்ட்ராமில் இருந்த ஹைட்ரஜனின் ஹெச் ஆல்பா 2.23 மைக்ரானில். கண்ணுக்குத் தெரியும் பகுதியில் மிஞ்சுவது கார்பனின் 1549 ஆங்ஸ்ட்ராம் கோடு போன்ற புற ஊதாக் கோடுகள் மட்டுமே.

கார்பன் கோட்டை வைத்தே வேலையை முடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், அந்தக் கோட்டைத் தரும் வாயுவில் ஒரு பகுதி கருந்துளையை ஒழுங்காகச் சுற்றாமல், காற்றாக வெளியே அடித்துக்கொண்டு வருகிறது. மிகப் பிரகாசமான குவேசார்களில் கோடு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அளவுக்கு (கோட்டின் நகர்வையும் அகலத்தையும் வாயுவின் வேகமாகவே சொல்வது இங்கே வழக்கம்) நீலப் பக்கம் சாய்ந்துவிடுவது உண்டு. அதிலிருந்து செம்பெயர்ச்சியைக் கணக்கிட்டாலும் தவறும், கருந்துளையின் நிறையைக் கணக்கிட்டாலும் தவறும். ஹெச் பீட்டாவைத் தரும் வாயு பெரும்பாலும் சுற்றும் வாயு. அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களில் பல ஆண்டுகள் அளந்து சரிபார்த்த அளவுகோலும் அதுதான். அந்த அளவுகோலைத் தொலைவில் இருக்கும் குவேசாருக்கும் பயன்படுத்த வேண்டுமானால் அகச்சிவப்புக்குப் போயே ஆகவேண்டும்.

செம்பெயர்ச்சி 1.8 அளவில் பிரகாசமான குவேசார்களாகத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டியல் போட்டேன். வழிகாட்டி, ‘இவை வேண்டாம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். காரணம்?

அதே பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். 4861-ஐ 2.8-ஆல் பெருக்கினால் 1.36 மைக்ரான். 6563-ஐ 2.8-ஆல் பெருக்கினால் 1.84 மைக்ரான். நம் காற்றிலுள்ள நீராவி தரைக்கு ஒளியை விடாமல் தடுக்கும் இரண்டு இடங்களும் இவையே: ஒன்று 1.35 முதல் 1.45 வரை, மற்றொன்று 1.8 முதல் 1.95 வரை. உங்களுக்கு வேண்டிய இரண்டு கோடுகளும் இரண்டு சுவர்களுக்குப் பின்னால் போய் நிற்கின்றன. எவ்வளவு பெரிய தொலைநோக்கியாக இருந்தாலும் தரையிலிருந்து இந்தச் சுவரைத் தாண்ட முடியாது.

அந்தச் சுவர்களுக்கு இடையே உள்ள ஜன்னல்களுக்குத்தான் ஜே, ஹெச், கே பட்டைகள் என்று பெயர். நடுப்புள்ளிகள் முறையே 1.25, 1.65, 2.2 மைக்ரான். செம்பெயர்ச்சி 1.5 அருகே ஹெச் பீட்டா ஜே பட்டையிலும், ஹெச் ஆல்பா ஹெச் பட்டையிலும் விழும். 2.4 அருகே ஹெச் பீட்டா ஹெச் பட்டையிலும், ஹெச் ஆல்பா கே பட்டையிலும் விழும். பட்டியலை இந்த இரண்டு எண்களைச் சுற்றி அமையுங்கள். ஆய்வு நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதும் முன்பு, ஒவ்வொரு குவேசாருக்கும் கோட்டின் நடுப்புள்ளியை மட்டும் பார்த்தால் போதாது. கோட்டின் இரு பக்கமும் நொடிக்கு 10,000 கிலோமீட்டருக்குச் சமமான இடம் ஜன்னலுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அகன்ற கோட்டின் ஓரம் வெட்டுப்பட்டால் அடித்தள ஒளியை எங்கே வரைவது என்று தெரியாது.

முதன்முறையாக ஒரு குவேசாரின் ஹெச் பட்டைக் கோப்பைத் திறந்தேன். குவேசாரையே காணோம். படம் முழுக்கக் குறுக்கே பளிச்சென்ற கோடுகள். கோப்பு கெட்டுவிட்டதா?

கோப்பு நன்றாகவே இருக்கிறது. நீங்கள் பார்ப்பது வானத்தை. தரையிலிருந்து ஏறக்குறைய 87 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவு முழுக்க அகச்சிவப்பில் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த ஒளியால் நிலவில்லாத, மிகத் தெளிவான இரவிலும் ஹெச் பட்டையில் வானம் ஒரு சதுர ஆர்க்விநாடிக்கு (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்விநாடி) ஏறக்குறைய 14 பொலிவெண் அளவுக்குப் பிரகாசமாக இருக்கும். பொலிவெண் கூடக்கூடப் பொருள் மங்கல். உங்கள் குவேசார் 18 என்றால், அதே பரப்பிலுள்ள வானம் அதைவிட சுமார் 40 மடங்கு பிரகாசம். நகர விளக்குகளிடமிருந்து தப்ப மலைக்குப் போகலாம், இந்த விளக்கு மலைக்கு மேலும் எரிகிறது.

ஆகவே வானத்தைக் கழித்தாக வேண்டும். வழக்கமான முறை இது. ஒளியை அலைநீளங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானிக்குள் ஒளி நுழையும் பிளவு 15 ஆர்க்விநாடி நீளம் என்று வையுங்கள். குவேசாரைப் பிளவின் ஒரு பக்கம் வைத்து ஒரு படம் (ஏ). தொலைநோக்கியை 7 ஆர்க்விநாடி நகர்த்தி மறுபக்கம் வைத்து ஒரு படம் (பி). அங்கேயே இன்னொரு பி. பிறகு பழைய இடத்தில் ஏ. ஏ–பி–பி–ஏ என்ற இந்த வரிசை ஒரு சுற்று. ஏ-யிலிருந்து பி-யைக் கழித்தால் இரண்டிலும் பொதுவாக இருக்கும் வானம் போய்விடும். குவேசார் மட்டும் ஒரு வெள்ளை இழையாகவும், அதற்கு இணையாக ஒரு கருப்பு இழையாகவும் நிற்கும். திரையில் அந்த இரண்டு இழைகளும் தெரிகிற நொடியில்தான் பொருள் பிளவுக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக நம்பலாம்.

ஏ–பி–ஏ–பி என்று எடுக்காமல் ஏன் இந்த வரிசை? வானத்தின் பிரகாசம் சீராக ஏறிக்கொண்டே போனால், ஏ–பி–பி–ஏ வரிசையில் இரண்டு ஏ-க்களின் சராசரி நேரமும் இரண்டு பி-க்களின் சராசரி நேரமும் ஒன்றாக இருப்பதால் அந்த ஏற்றம் தானாகவே அடிபட்டுப் போகும். நகர்த்தும் தடவைகளும் குறையும்.

தவறுகள் பெரும்பாலும் நேரத்தில் நடக்கின்றன. ஹைட்ராக்சில் ஒளி சில நிமிடங்களிலேயே மாறும். ஒவ்வொரு படமும் 15 நிமிடம் என்று எடுத்தால் ஏ-யின் வானமும் பி-யின் வானமும் ஒத்துப்போகாது, கழித்த பிறகும் கோடுகள் எலும்புக்கூடு மாதிரி மிஞ்சும். ஒரு படத்துக்கு 200 முதல் 300 விநாடி, அதற்கு மேல் வேண்டாம். அதற்காக 20 விநாடியாகவும் குறைக்காதீர்கள். வானத்தின் கோடுகளுக்கு இடையே உள்ள இருட்டான இடைவெளிகளில்தான் குவேசாரின் உண்மையான தகவல் இருக்கிறது. மிகக் குறுகிய படங்களில் அங்கே டிடெக்டரைப் படிக்கும்போது வரும் இரைச்சலே மேலோங்கிவிடும்.

இன்னொன்று: பி இடத்தில் மங்கலான ஒரு விண்மீன் மண்டலம் உட்கார்ந்திருந்தால் அதையும் சேர்த்தே கழிக்கிறீர்கள். பிளவின் கோணத்தை முடிவு செய்யும் முன் அந்த இடத்தின் ஆழமான படம் ஒன்றைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கழித்தபின்னும் மெல்லிய மிச்சம் இருக்கும். அதைக் குவேசார் இழையின் இரு பக்கமும் உள்ள வெற்று இடத்திலிருந்து அளந்து மறுபடி கழிக்க வேண்டும். ஸ்பெக்ஸ்டூல், பைப்இட் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்துதரும். ஆனால் எந்த வானக் கோடு எங்கே இருந்தது என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இறுதி நிறமாலையைப் படிக்க வேண்டும். குவேசாரில் ஒரே பிக்சல் அகலத்தில் கூர்மையாக ஒரு கோடு நின்றால், முதல் சந்தேகம் வானத்தின் மேல் விழட்டும்.

3சி 273 குவேசாரின் கே பட்டை நிறமாலையில் 2.166 மைக்ரானில் ஒரு சிறிய புடைப்பு வருகிறது. தரவைத் திரும்பத் திரும்பச் சீர்செய்தும் போகவில்லை. புதிதாக ஏதாவது வாயுவா?

அந்த அலைநீளத்தைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிடுகிறது: அது ஹைட்ரஜனின் பிராக்கெட் காமா கோடு. ஆனால் குவேசாருடையது அல்ல, நீங்கள் ஒப்பிட்ட விண்மீனுடையது.

காற்று எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அறிய, குவேசாருக்கு அருகில் ஒரு ஏ0 வகை விண்மீனை (வெண்மையாக ஒளிரும் சூடான விண்மீன்) எடுத்து, அதன் நிறமாலையால் குவேசாரை வகுக்கிறோம். ஏ0 விண்மீனின் நிறமாலை மற்றபடி வழுவழுப்பாக இருப்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அதில் ஹைட்ரஜன் உட்கவர் கோடுகள் ஆழமாக இருக்கும். அவற்றை நீக்காமல் வகுத்தால், விண்மீனில் பள்ளமாக இருந்தது குவேசாரில் மேடாக முளைக்கும்.

3சி 273-க்கு இது குறிப்பாகத் தொல்லை. அதன் செம்பெயர்ச்சி 0.158. ஹைட்ரஜனின் பாஷன் ஆல்பா கோடு 1.875 மைக்ரானிலிருந்து 2.17 மைக்ரானுக்கு நகர்ந்து நிற்கிறது. ஒப்பீட்டு விண்மீனின் 2.166-க்கும் இதற்கும் வேகக் கணக்கில் நொடிக்கு 1000 கிலோமீட்டர்கூட இடைவெளி இல்லை. குவேசாரின் கோட்டு அகலமோ அதைவிடப் பல மடங்கு. அதாவது உங்கள் புடைப்பு, அளக்க வேண்டிய கோட்டின் உச்சிக்குப் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்படியே அகலத்தை அளந்தால் எண் பொய்யாகும்.

சரிசெய்ய மூன்று வழிகள். ஏ0 வகையைச் சேர்ந்த வேகா விண்மீனின் மாதிரி நிறமாலையை எடுத்து, உங்கள் ஒப்பீட்டு விண்மீனின் சுழல் வேகத்துக்கும் கருவியின் பிரிதிறனுக்கும் ஏற்ப அகலப்படுத்தி, ஹைட்ரஜன் கோடுகளை நீக்கிவிட்டு வகுப்பது ஒன்று. ஸ்பெக்ஸ்டூலில் இதற்கென்றே பகுதி உண்டு. புடைப்பு மிஞ்சுகிறது என்றால் பெரும்பாலும் கோட்டின் ஆழத்தைப் பொருத்தும் இடத்தில் கோட்டைவிட்டிருப்பீர்கள். பிராக்கெட் காமாவை மட்டும் தனியாகப் பெரிதாக்கிப் பார்த்து, அளவுகோலைக் கையால் மாற்றிப் பாருங்கள். சூரியனை ஒத்த ஜி2 வகை விண்மீன் ஒன்றையும் சேர்த்து எடுத்து, சூரிய நிறமாலையால் திருத்துவது இரண்டாவது. காற்றின் உட்கவர்ச்சியைக் கணினி மாதிரியால் பொருத்துவது மூன்றாவது, மோலெக்ஃபிட் மென்பொருள் இதைச் செய்கிறது.

எந்த வழியானாலும் ஒப்பீட்டு விண்மீனைக் குவேசார் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், ஏர்மாஸ் (ஒளி கடந்துவரும் காற்றின் அளவு) வித்தியாசம் 0.1-க்குள் இருக்குமாறு எடுத்திருக்க வேண்டும். பிந்தினால் நீராவியின் அளவு மாறிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது.

கருந்துளையின் நிறை ‘130 கோடி சூரியன்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஒரு கோட்டை வைத்து அதை எப்படிச் சொல்கிறார்கள்? எவ்வளவு நம்பலாம்?

கணக்கு எளிமையானதுதான். கோட்டின் அகலம், வாயு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்கிறது. குவேசாரின் பிரகாசம், அந்த வாயு கருந்துளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் நிறை.

2006-இல் வெஸ்டர்கார்ட், பீட்டர்சன் இருவரும் ஹெச் பீட்டாவுக்குத் தந்த வாய்பாட்டைப் போட்டுப் பார்ப்போம். நிறையின் மடக்கை = 6.91 + 2 × (அகலத்தை நொடிக்கு 1000 கிலோமீட்டரால் வகுத்ததன் மடக்கை) + 0.5 × (5100 ஆங்ஸ்ட்ராம் ஒளிர்வை நொடிக்கு 10-இன் 44-ஆம் அடுக்கு எர்க்கால் (எர்க் ஓர் ஆற்றல் அலகு) வகுத்ததன் மடக்கை). அரை உயரத்தில் கோட்டின் அகலம் நொடிக்கு 4000 கிலோமீட்டர், ஒளிர்வு 10-இன் 46-ஆம் அடுக்கு என்றால்: 6.91 + 1.20 + 1.00 = 9.11. அதாவது ஏறக்குறைய 130 கோடி சூரிய நிறை.

அகலம் வர்க்கமாக வருவதைக் கவனியுங்கள். அகலத்தை 20 சதவீதம் கூடுதலாக அளந்தால் நிறை 44 சதவீதம் கூடிவிடும். ஒளிர்வு வர்க்கமூலமாகத்தான் வருகிறது. பிளவுக்கு வெளியே 30 சதவீத ஒளி சிந்திப்போனாலும் நிறை 16 சதவீதம்தான் குறையும். ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பங்கு அகலத்துக்குப் போகட்டும். அங்கே கெடுப்பது பெரும்பாலும் இரும்பு. ஹெச் பீட்டாவின் இரு பக்கமும் ஓர் எலக்ட்ரானை இழந்த இரும்பின் நூற்றுக்கணக்கான கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து ஒரு மேடாகக் கிடக்கும். அதற்கான மாதிரியைப் பொருத்தி நீக்காவிட்டால், கோட்டின் ஓரங்கள் வீங்கித் தெரியும். கருவியின் சொந்த அகலத்தையும் வர்க்கமாகக் கழிக்க வேண்டும். பிரிதிறன் (நெருங்கிய அலைநீளங்களைக் கருவி பிரித்துக்காட்டும் திறன்) 1200 என்றால் அது நொடிக்கு 250 கிலோமீட்டர். 4000-க்கு அது பொருட்டில்லை. 500 என்று அளந்த ஆக்சிஜன் கோட்டுக்கோ உண்மை அகலம் 433 ஆகிவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் இந்த முறையிலேயே ஏறக்குறைய 3 மடங்கு ஐயம் உள்ளூர இருக்கிறது. ‘130 கோடி’ என்பதை 40 கோடிக்கும் 400 கோடிக்கும் இடையே என்று படித்துக்கொள்ளுங்கள். நேரடியாக அளந்து பார்க்க முடிந்த இடமும் ஒன்று உண்டு. சிலியிலுள்ள நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை கிராவிட்டி என்ற கருவியில் இணைத்து, மேலே சொன்ன அதே 3சி 273-இன் அதே பாஷன் ஆல்பா கோட்டில், வாயு சுற்றுவதையே 2018-இல் அளந்தார்கள். சுற்றும் பகுதியின் ஆரம் ஏறக்குறைய 145 ஒளி நாள். நிறை ஏறக்குறைய 26 கோடி சூரியன்.

சாதாரண சிசிடி கேமராவை வைத்தே இதை எடுக்க முடியாதா?

1.1 மைக்ரானுக்கு மேல் முடியாது. அந்த ஒளித்துகளுக்கு சிசிடியின் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பும் ஆற்றல் இல்லை, ஒளி ஊடுருவிப் போய்விடும். அதனால் பாதரசம், காட்மியம், டெல்லூரியம் கலந்த டிடெக்டர்கள். பரவலாகப் பயன்படும் ஹவாய்-2ஆர்ஜி வகையில் 2048-க்கு 2048 பிக்சல்கள். இவை குறைந்த ஆற்றலுக்கே எலக்ட்ரானை விடுவதால், அறைச் சூட்டிலேயே தாமாக நிரம்பிவிடும். ஆகவே கடுமையாகக் குளிரூட்டிய வெற்றிடக் கலத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு பழக்கக் கோளாறும் உண்டு: பிரகாசமான விண்மீன் விழுந்த பிக்சல்களில் அதன் சுவடு பல நிமிடங்கள் தங்கும். ஒப்பீட்டு விண்மீனை எடுத்த கையோடு மங்கலான குவேசாருக்குப் போகாதீர்கள்.

மிகத் தொலைவிலுள்ள குவேசார்களைக் கண்டுபிடிக்கவும் அகச்சிவப்பு வேண்டும் என்கிறார்களே?

செம்பெயர்ச்சி 6.5-ஐத் தாண்டினால் வேறு வழியே இல்லை. ஹைட்ரஜனின் புற ஊதாக் கோடான லைமன் ஆல்பாவுக்கு நீலப் பக்கம் உள்ள ஒளியை இடையிலுள்ள ஹைட்ரஜன் ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். 2018-இல் வெளியான யுஎல்ஏஎஸ் ஜே1342+0928 குவேசாரின் செம்பெயர்ச்சி 7.54, அதன் லைமன் ஆல்பா 1.04 மைக்ரானில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்த இடம் வெறும் இருட்டு. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஜே0313−1806 செம்பெயர்ச்சி 7.64-இல், 160 கோடி சூரிய நிறையோடு இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு அப்போது 70 கோடி வயதுகூட ஆகவில்லை. அதற்குள் அவ்வளவு பெரிய கருந்துளை எப்படி வளர்ந்தது என்பது இன்னும் தீராத கேள்வி. இந்த நிறையை மக்னீசியத்தின் 2798 ஆங்ஸ்ட்ராம் கோட்டிலிருந்துதான் அளந்தார்கள். 7.54-இல் அந்தக் கோடு 2.39 மைக்ரானுக்குப் போய், கே ஜன்னலின் கடைசி ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தேடலில் ஏமாற்றுவது பழுப்புக் குறுமீன்கள், அதாவது முழு விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை சேராத பொருள்கள். அவையும் சிவப்புப் பட்டையில் மறைந்து அகச்சிவப்பில் முளைக்கும். வித்தியாசம் அடுத்த பட்டைகளில் தெரியும்: குவேசார் லைமன் ஆல்பாவைத் தாண்டியதும் ஏறக்குறைய தட்டையாகப் போகும், குறுமீனோ ஜே வரை ஏறிக்கொண்டே போய், நீராவியும் மீத்தேனும் வெட்டிய மேடுகளாக இறங்கும். குறைந்த பிரிதிறனில் ஒரு நிறமாலை எடுத்தாலே இரண்டும் பிரிந்துவிடும்.

தூசுக்குள் மறைந்திருக்கும் குவேசார்களை அகச்சிவப்பு ஊடுருவிக் காட்டுமா?

காட்டும், ஆனால் ஒரு கணக்கை மறந்துவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை 3 பொலிவெண் மங்கச் செய்யும் தூசு, அதாவது 16-இல் ஒரு பங்காகக் குறைக்கும் தூசு, கே பட்டை அலைநீளத்தில் கால் பங்கைத்தான் தின்னும். இது குவேசார் அருகில் இருக்கும்போது. செம்பெயர்ச்சி 2 என்றால் நாம் கே-யில் பிடிக்கும் 2.2 மைக்ரான் ஒளி, தூசைக் கடக்கும்போது 0.73 மைக்ரானாக, வெறும் சிவப்பு ஒளியாகத்தான் இருந்தது. அந்தத் தூசிடம் அதற்குச் சலுகை குறைவு.

என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. வீட்டிலிருந்தே குவேசாரின் செம்பெயர்ச்சியை அளக்க முடியுமா?

முடியும். 3சி 273-ஐ எடுங்கள். கன்னி ராசியில், வல ஏற்றம் 12 மணி 29 நிமிடம், நடுவரை விலக்கம் +2 டிகிரி 3 நிமிடம், பொலிவெண் ஏறக்குறைய 12.9. மார்ச் கடைசியில் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வரும். அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடி இல்லாத ஒற்றை நிறக் கேமராவுக்கு முன்னால் மில்லிமீட்டருக்கு 100 கோடுள்ள, ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கிரேட்டிங்கைப் பொருத்துங்கள். அருகிலுள்ள விண்மீன்களின் நிறமாலை மேலே விழாத கோணத்துக்கு அதைத் திருப்பிவையுங்கள். 60 விநாடி வீதம் 30 படங்கள் எடுத்து அடுக்குங்கள். அலைநீள அளவுக்கு, அதே அமைப்பில் ஓர் ஏ வகை விண்மீனை எடுத்து அதன் ஹைட்ரஜன் கோடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹெச் பீட்டா 5629 ஆங்ஸ்ட்ராமில், ஹெச் காமா 5026-இல் அகன்ற மேடுகளாக வரும். ஹெச் ஆல்பா 7600-இல், அண்மை அகச்சிவப்பின் வாசலில் நிற்கும். அங்கே நம் காற்றின் ஆக்சிஜன் 7594-இலிருந்து ஒரு வெட்டுப் போடுவதால், அந்த மேடு நடுவில் கடித்தது போலத் தெரியும், பயப்பட வேண்டாம். 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் இந்தக் கோடுகள் 0.158 நகர்ந்த ஹைட்ரஜன்தான் என்று ஆய்விதழில் எழுதியபோது, அதே இதழில் ஓக் என்ற வானியலாளர் அளந்து உறுதிசெய்ததும் இந்த 7600 அருகிலுள்ள கோட்டைத்தான்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வந்த பிறகும் தரையிலிருந்து இதையெல்லாம் செய்வதில் பொருள் இருக்கிறதா?

வெப்புக்கு ஹைட்ராக்சிலும் இல்லை, நீராவிச் சுவரும் இல்லை. அதன் நிர்ஸ்பெக் கருவி 0.6 முதல் 5.3 மைக்ரான் வரை பார்க்கும். செம்பெயர்ச்சி 6.5-இல் ஹெச் பீட்டா 3.65 மைக்ரானில் விழுவதால், தரையிலிருந்து நடைமுறையில் எட்ட முடியாத அந்தக் கோடு இப்போது கிடைக்கிறது. ஆனால் பிரகாசமான குவேசார்களை நூற்றுக்கணக்கில் எடுப்பதும், ஒரே குவேசாரை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் தரையில்தான் நடக்கும். ஐரோப்பியத் தெற்கு ஆய்வகத்தின் காப்பகத்தில் எக்ஸ்-ஷூட்டர் நிறமாலைமானி எடுத்த, ஏற்கெனவே சீர்செய்த குவேசார் நிறமாலைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, 0.3 முதல் 2.48 மைக்ரான் வரை ஒரே வீச்சில். செம்பெயர்ச்சி 2.4 உள்ள ஒன்றை இறக்கி, 1.65 மைக்ரானைச் சுற்றி வரையுங்கள். கோப்பிலுள்ள அலைநீளம் காற்றுக்கா வெற்றிடத்துக்கா என்று தலைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் கோடு காற்றில் 5006.84, வெற்றிடத்தில் 5008.24. இரண்டையும் குழப்பினால் விடை நொடிக்கு 84 கிலோமீட்டர் தள்ளிப்போகும்.